ஒட்டகச்சிவிங்கி எட்டிப் பார்த்த ஜன்னல்கள்

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையில், குதூகலம் ஃபேமிலி ரிசார்ட்டின் முற்றத்தில் நின்ற ஃபைபர் ஒட்டகச்சிவிங்கி முதன்முதலாகக் கழுத்தைத் திருப்பியது ஆனி மாதத்து வியாழக்கிழமை ஒன்றின் காலையில். ஆனால் அன்றைக்குப் பார்த்து எந்த அறையிலும் வெந்நீர் வரவில்லை என்பதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தலையில் எண்ணெயும் இடுப்பில் துண்டுமாக ஆண்களும், பாதி சோப்பு போட்ட பிள்ளையை அப்படியே தூக்கிக்கொண்டு பெண்களும் ரிசப்ஷனில் வந்து நின்று கத்தினார்கள், சூப்பர்வைசர் செண்பகவல்லி ஒவ்வொருவருக்கும் சிரித்த முகத்தோடு "பத்தே நிமிசம் சார், பத்தே நிமிசம் மேடம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள், அந்தப் பத்து நிமிடம் மதியம்வரை நீண்டது, வாசலைப் பார்த்து நிற்க வேண்டிய ஒட்டகச்சிவிங்கி மாடியில் ஒன்பதாம் நம்பர் அறையின் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றது. காற்றுக்குத் திரும்பியிருக்கும் என்றார் வாட்ச்மேன் உச்சிமாகாளி. சாரல் காற்று அந்த ஊரில் அப்படித்தான் அடிக்கும், ஆகவே பேச்சு அத்தோடு முடிந்தது.

குதூகலத்தின் முதலாளி கோமதிநாயகம் அதற்கு முன் இருபது வருஷம் பொருட்காட்சிகளில் ராட்டினம் சுற்றியவர். கண்ணுக்குப் பெரிதாக ஒன்று தெரிந்தால் மனுஷன் கால் தானாக அந்தப் பக்கம் நடக்கும் என்பது ராட்டினத்தடியில் நின்று அவர் படித்த ஒரே பாடம். பழைய லாட்ஜ் ஒன்றை வாங்கி, குறைந்த வாடகையில் குடும்பங்கள் வந்து தங்கட்டும் என்று அவர் கிளம்பியபோது, குழாயெல்லாம் துருப்பிடித்துக் கிடக்கிறது, முதலில் அதை மாற்றுங்கள் என்று பிளம்பர் சொன்னார். முதலாளியோ ஒரு லாரியில் பதினெட்டடி ஒட்டகச்சிவிங்கியைப் படுக்கப் போட்டுக் கொண்டுவந்து இறக்கினார். மஞ்சள் உடம்பு, ஊதாப் புள்ளிகள், விரல் நீளத்துக்கு இமைமயிர், இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை ஒரு சிரிப்பு. அதன் நாலு காலையும் சிமெண்டு மேடையில் பதித்து, மாடிப்படியில் இரண்டு முயல்களையும், தண்ணீர்த் தொட்டியின் மேல் எட்டுக் கையையும் விரித்த ஓர் ஆக்டோபஸையும் நிறுத்தினார். பஸ்ஸில் போகிற பிள்ளைகள் அதைப் பார்த்ததும் தொண்டை கிழியக் கத்தித் தாய் தகப்பனை அங்கேயே இறங்க வைத்தன.

எதிர்த்த டீக்கடையில் அன்றிலிருந்து ஓயாத வழக்கு. "பொம்மையப் பாத்து வாரான், வெந்நி இல்லாமப் போறான், திரும்பி வருவானா அவன்?" என்று ஒரு கட்சி. "வந்தவனே மறுக்க வரணும்னு என்ன, நாட்டுல பிள்ளையளுக்கா பஞ்சம்?" என்று இன்னொரு கட்சி. கோமதிநாயகம் இரண்டு கட்சிக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விடுவார். ஊர் அந்த ஒட்டகச்சிவிங்கிக்கு நெட்டையன் என்று பெயர் வைத்தது.

செண்பகவல்லிக்கு இந்த வழக்கில் எந்தக் கட்சியும் இல்லை. அவளுக்கு வேலை வேண்டும், வேலையோடு வந்த அறை அதைவிட வேண்டும். புருஷன் கேரளத்துக்கு ரப்பர் வெட்டப் போய் அங்கேயே இன்னொரு குடும்பத்தைத் தேடிக்கொண்ட பிறகு, மகள் கனிஷ்காவைத் தன்னிடம் அனுப்பிவிடச் சொல்லி அவனுடைய அக்கா சுரண்டையிலிருந்து மாதம் தவறாமல் போன் செய்துகொண்டிருந்தாள். அந்த வீட்டில் பெண்பிள்ளைகள் ஒன்பது பத்து வயதில் பள்ளிக்கூடப் பையை மூலையில் வைத்துவிட்டு, பீடி சுற்றுகிற தட்டை மடியில் வைத்துக்கொள்வார்கள், பிறகு அது மடியை விட்டு இறங்காது. கனிஷ்காவுக்கு அந்த ஆவணியில் ஒன்பது முடிகிறது. குதூகலத்தின் பின்பக்கம், படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் காயப்போடும் இடத்துக்கு அப்பால், செய்தித்தாள் அகலத்தில் ஒரே ஒரு ஜன்னல் வைத்த அறையைக் காட்டி முதலாளி போட்ட நிபந்தனையும் ஒன்றே ஒன்றுதான்: "ஸ்டாஃப் பிள்ளை கெஸ்ட் கண்ணுல படப்பிடாது, சத்தமும் கேக்கப்பிடாது, பாத்துக்கோ." ஆகவே பள்ளிவிட்டு வந்ததிலிருந்து கெஸ்டுகள் சாப்பிட்டு முடிக்கும்வரையும், சனி ஞாயிறென்றால் விடிந்ததிலிருந்து பொழுது அடையும்வரையும் கனிஷ்கா அந்த அறைக்குள் இருந்தாள், கதவு வெளியே பூட்டியிருந்தது. முதல் வாரம் பிள்ளை சத்தம் போட்டு அழுதது, இரண்டாம் வாரம் சத்தமில்லாமல் அழுதது, மூன்றாம் வாரம் அழவில்லை. பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு செண்பகவல்லி முன்பக்கம் போய் அடுத்தவர் பிள்ளைகளின் கன்னத்தைக் கிள்ளிச் சிரித்தாள். இப்படியே மூன்று சீசன் போயிருந்தது.

நெட்டையன் அடுத்த வாரம் கீழே மூன்றாம் நம்பருக்குக் குனிந்தது, அதற்கடுத்து மாடியில் பதினொன்றுக்கு நிமிர்ந்தது, அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அப்புறம் தினமும். காலையில் எழுந்து பார்த்தால் ஏதாவது ஒரு ஜன்னலில் அந்த முகம் இருக்கும். பதினோரு மணிக்கு வெயில் லேசாகத் தலைகாட்டும்போது பழையபடி வாசலைப் பார்த்து நிற்கும். அது திரும்பியதைக் கண்ணால் பார்த்தவர் மட்டும் கிடையாது. ஜன்னலில் முகம் வந்த அறைக்காரர்கள் பூரித்துப்போய் அதோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள், முகம் வராத அறைக்காரர்கள் எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்று செண்பகவல்லியிடம் மல்லுக்கு நின்றார்கள். விஷயத்தைக் கண்டுபிடித்தவர் உச்சிமாகாளி. ஒன்பதாம் நம்பரில் காய்ச்சல்காரப் பையனைத் தனியே படுக்கப் போட்டுவிட்டுக் குடும்பம் முழுக்க அருவிக்குப் போயிருந்தது. மூன்றாம் நம்பரில் மெத்தையை நனைத்த பிள்ளைக்கு பெல்ட்டால் அடி விழுந்திருந்தது. பதினொன்றில் புருஷனும் பெண்டாட்டியும் போட்ட சண்டைக்குப் பயந்து இரண்டு பிள்ளைகள் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டிருந்தன. "அழுத பிள்ளை எந்த ரூம்ல இருக்கோ அங்கதான் அது பாக்குது" என்று அவர் டீக்கடையில் சொன்னார், மதியத்துக்குள் அது தென்காசிவரை போய்விட்டது.

நியாயமாகப் பார்த்தால் அன்றோடு குதூகலம் காலியாகியிருக்க வேண்டும். ஆனால் சனம் அப்படிப்பட்டதில்லை. கூட்டம் இரண்டு மடங்கு ஆனது, "ரெண்டு நாள் தங்குனோம், எங்க ஜன்னலுக்கு வரவேயில்ல" என்று ஜன்னலையும் பிள்ளையையும் சேர்த்துப் படம் பிடித்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்புகிற பெருமைக்காகவே கோவில்பட்டியிலிருந்தும் சாத்தூரிலிருந்தும் வேன் பிடித்து வந்தார்கள். பேரப்பிள்ளையை மருமகள் கொடுமைப்படுத்துகிறாள் என்று சொன்ன ஒரு மாமியார், குதூகலத்தில் ரூம் போட்டு ஊரறியச் சோதித்துப் பார்த்துவிடலாம் வா என்று மருமகளைக் கூட்டிவந்து, விடிந்தபோது நெட்டையனின் முகம் ஜன்னலில் தன் கட்டில் பக்கமாகத் திரும்பியிருப்பதைப் பார்த்துவிட்டு, முதல் பஸ்ஸில் ஊருக்குப் போனார். பக்கத்து லாட்ஜ்காரர் தன் வாசலில் நின்ற வாத்து பொம்மையின் கண்களை எதற்கும் இருக்கட்டும் என்று சாக்குத் துணியால் கட்டிவைத்தார். திருநெல்வேலியிலிருந்து வந்த என்ஜினீயர் ஒருவர் ஈரத்துக்கு ஃபைபர் முறுக்கிக்கொள்ளும் என்று விளக்கம் சொன்னார், எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு அவருக்கு ரம்புட்டான் பழம் கொடுத்து அனுப்பினார்கள்.

அப்படித்தான் முதல் இட்லி என்கிற வழக்கமும் வந்தது. யார் தொடங்கியது என்று தெரியவில்லை. நெட்டையன் பார்த்த அறையிலிருக்கும் பிள்ளையை மற்ற அறைத் தாய்மார்கள் இடுப்பில் தூக்கிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போவார்கள், நடு மேசையில் உட்கார வைத்து அன்றைக்கு இறக்கிய முதல் இட்லியைப் பிட்டு நெய் தொட்டு ஊட்டுவார்கள், பிள்ளையைப் பெற்றவர்கள் எதிரே உட்கார்ந்து அது தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒருவரும் ஒரு வார்த்தை திட்டமாட்டார்கள். அந்த அமைதியைத் தாங்காமல் மீசைக்காரத் தகப்பன்கள் தேம்பியிருக்கிறார்கள், ஓர் அம்மாள் மயங்கியே விழுந்தாள், அருவிக்குப் போனால் அங்கேயும் கூட்டம் விலகி அவர்களுக்கு வழிவிட்டது. தட்டை எடுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் செண்பகவல்லி சிரித்த முகத்தோடு, பாவம், இப்படியும் பெத்தவுக இருக்காவளே என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வாள்.

ஆடி பாதி கழிவதற்குள் இன்னொன்றும் நடந்தது. வேனிலிருந்து இறங்கும்போதே தாய்மார்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்து, "இங்க பாரு, அழுதேன்னா அது வந்துரும்" என்று காதில் சொல்லி இறக்கினார்கள். அதன் பிறகு குதூகலத்தில் பிள்ளைகள் அழவில்லை. முழங்காலில் ரத்தம் வந்தால்கூட உதட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு முற்றத்தைப் பார்த்துச் சிரித்தன. இருபத்திநாலு அறையிலும் பிள்ளைகள் நிறைந்திருக்க, அத்தனை பெரிய கட்டடத்தில் மத்தியானத்தில் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது, சமையல்காரர் அதற்குப் பயந்து ரேடியோவைச் சத்தமாக வைக்க ஆரம்பித்தார். நெட்டையன் மட்டும் ஓயவில்லை. அழுகையே இல்லாத கட்டடத்தில் அது ஒவ்வொரு காலையும் ஒவ்வொரு ஜன்னலாக எதையோ பார்த்துக்கொண்டேயிருந்தது.

ஆடி கடைசி ஞாயிற்றுக்கிழமை, கிழக்கு வெளுக்கும் நேரத்தில், பெயிண்ட் வாசனைக்குச் செண்பகவல்லி கண் விழித்தாள். சின்ன ஜன்னல் முழுக்க அந்த மஞ்சள் முகம் இருந்தது. கதவைத் திறந்து பார்த்தாள்; துவைக்கும் கல்லுக்குப் பக்கம் அது வளைந்து கிடந்தது, முற்றத்து மேடையிலிருந்து சந்து வழியாக, சமையல்கட்டைச் சுற்றி, ஈர விரிப்புகளுக்கு அடியில் புகுந்து அதன் கழுத்து நீண்டு வந்திருந்தது. கனிஷ்கா பாயில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அது வந்துட்டு" என்றாள்.

"எப்பட்டி வந்துச்சு?"

"தெரியல. நான் முழிக்கும்போதே இருந்துச்சு. பாவம்மா, அதுக்கு வழி தெரியல. என்னையத் தேடித் தேடித்தான் எல்லா ஜன்னலையும் பாத்திருக்கு."

"ஒன்னையத் தேடுச்சுன்னு யாரு சொன்னா ஒனக்கு?"

"பின்ன வேற யார?" என்று பிள்ளை கேட்டது.

மூன்றாம் நம்பர்க்காரரும் பதினொன்றாம் நம்பர்க்காரர்களும், தேம்பிய தகப்பன்களும் மயங்கி விழுந்த அம்மாளும் வரிசையாகச் செண்பகவல்லியின் நினைவுக்கு வந்தார்கள், முதல் இட்லிக்கு முன்னால் இன்றைக்குத் தான் உட்காரப்போவதும், பூட்டை ஊர் பார்க்கப்போவதும், முதலாளி அறையைக் காலி செய்யச் சொல்வதும், சுரண்டைக்காரி ஆட்டோவில் வந்து இறங்குவதும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன. இன்னும் அரைமணியில் சமையல்காரர் வந்துவிடுவார். அவள் வெளியே ஓடி அதன் தாடைக்கு அடியில் கையை வைத்தாள். தள்ள வேண்டியிருக்கவில்லை. ஆறு ஆள் சேர்ந்து லாரியிலிருந்து இறக்கிய அந்த உடம்பு, கையில் ஈரத்துண்டின் கனம்கூட இல்லாமல் கூடவே வந்தது. கழுத்து உள்வாங்கியது, முற்றத்தில் மடங்கியிருந்த முழங்கால்கள் சத்தமில்லாமல் நிமிர்ந்தன, சொன்னபடி கேட்டுப் பழகிய பிள்ளையைப் போல அது அவள் கை போன பக்கமெல்லாம் போனது.

முற்றத்தில் நின்று அவள் மாடியைப் பார்த்தாள். பதினாலாம் நம்பரில் அருப்புக்கோட்டையிலிருந்து வந்த தறிக்காரர் பொன்னுராசும் அவருடைய ஐந்து வயது மகள் நேத்ராவும் தங்கியிருந்தார்கள். காலை ஆறு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவதாக நேற்று சாயங்காலமே அவர் சொல்லியிருந்தார். ஊர் எழுந்திருக்கும்போது காலி அறைதானே இருக்கும், யாருக்கு என்ன நஷ்டம் என்று செண்பகவல்லி நினைத்தாள். மாடிப்படியில் ஏறி, கையை நீட்டி, முகத்தைப் பதினாலாம் நம்பர் ஜன்னலில் வைத்துவிட்டு இறங்கினாள்.

அறை வாசலில் கனிஷ்கா நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்க யாரும்மா அழுதா?" என்று கேட்டாள்.

"யாரும் அழல. நீ உள்ள போ" என்று சொல்லிவிட்டு அவள் கதவைப் பூட்டினாள்.

பொன்னுராசு ஆறு மணிக்குக் கிளம்பவில்லை. பிள்ளைக்குச் சளி பிடித்திருந்தது, பஸ் ஏறுமுன் வெந்நீரில் குளிப்பாட்டலாம் என்று குழாயைத் திறந்திருக்கிறார், வரவில்லை, போன் செய்து கேட்டிருக்கிறார், வேலைக்கு வந்த யாரோ பத்தே நிமிஷம் என்று பழக்கதோஷத்தில் சொல்லியிருக்கிறார்கள், அவர் அதை நம்பி வாளியோடு காத்திருந்திருக்கிறார். ஏழு மணிக்கு முற்றம் நிறைந்தபோது எல்லோரும் பார்த்தது பதினாலாம் நம்பர் ஜன்னலைத்தான். தாய்மார்கள் மேலே ஏறி நேத்ராவைத் தூக்கினார்கள். அந்தப் பிள்ளைக்கு அழக்கூடாது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை போலிருக்கிறது, அது பெருங்குரலெடுத்து அழுதது, இரண்டு வாரமாக அழுகைச் சத்தமே கேட்காத கட்டடம் அதைக் கேட்டு நடுங்கிப்போனது. நடு மேசையில் உட்கார வைத்து ஊட்டிய இட்லியைத் துப்பிவிட்டு "அப்பா, அப்பா" என்று கத்தியது. பாவம், அப்பனைக் கண்டு எப்படிப் பயப்படுகிறது பார் என்றாள் ஒருத்தி. முழங்கையில் சிராய்ப்பு இருக்கிறதே என்றாள் இன்னொருத்தி.

"பிள்ளைக்கு அம்மா எங்கய்யா?" என்று உச்சிமாகாளி கேட்டார்.

பொன்னுராசு பிள்ளையைப் பார்த்தார். "ஊர்ல இருக்கா" என்றார்.

"அவ போன் நம்பரைக் குடும். நாங்க பேசுதோம்."

"ஆஸ்பத்திரில இருக்கா. பேச முடியாது."

"ஊர்லங்கேரு, ஆஸ்பத்திரிங்கேரு. பெத்த பிள்ளைதானா இது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது, அவ்வளவுதான், கூடத்தின் கதவை யாரோ சாத்தினார்கள், இன்னொருவர் போலீசுக்குப் போன் போட்டார். நேத்ராவை ஒரு பெண் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கமாகப் போய் நின்றாள். பொன்னுராசு கூடத்து ஓரத்தில் நின்ற செண்பகவல்லியிடம் வந்தார்.

"யக்கா, உங்க சிரிச்ச முகத்தைப் பாத்துத்தான் உங்ககிட்ட சொல்றேன்" என்றார், பிள்ளை காதில் விழாதபடி. "எம் பொண்டாட்டி செத்து நாப்பது நாளாகுது. ஆஸ்பத்திரில இருக்கான்னு பிள்ளகிட்ட சொல்லி வச்சிருக்கேன். இந்த ஒட்டகச்சிவிங்கிய போன்ல பாத்து ஆசப்பட்டுச்சு. கூட்டியாந்து, ரெண்டு நாள் சந்தோசமா வச்சிருந்து, பெறகு சொல்லிறலாம்னு நெனச்சேன், வாய் வரலக்கா. இத்தன பேரு முன்னால அதை நான் எப்படிச் சொல்ல? நீங்களாவது சொல்லுங்க, நான் அப்பன்தான்னு."

செண்பகவல்லி தன் முகம் அப்போதும் சிரித்துக்கொண்டிருப்பதை உணர்ந்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் அறை இருக்கும், பள்ளிக்கூடம் இருக்கும், கனிஷ்காவின் மடியில் பீடித் தட்டு ஏறாது. இந்த மனுஷன் எப்படியும் போலீசிடம் உண்மையைச் சொல்லித் தப்பித்துக்கொள்வார், என்ன, பிள்ளையின் முன்னால் சொல்ல வேண்டியிருக்கும், அவ்வளவுதானே. அவ்வளவுதானே என்று அவள் தனக்கே இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். பிறகு நடு மேசைக்குப் போய் நின்றாள்.

"அது இவரு ரூமுக்கு வரல. என் ரூமுக்கு வந்துச்சு. நாந்தான் கொண்டுபோய் அங்க விட்டேன்."

ஒருவரும் நம்பவில்லை. "அந்தாளு மேல இரக்கப்பட்டுச் சொல்லுதாவ" என்றாள் தூத்துக்குடியிலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு பெண். "இம்புட்டு சிரிச்ச முகமா இருக்கவங்க பிள்ளைய அழ விடுவாங்களா?" கோமதிநாயகம் அவள் தோளைத் தட்டி, "ஏம்மா செண்பகம், மழையில காச்சலா ஒனக்கு?" என்றார். அவள் பின்பக்கம் நடந்தாள், முப்பது நாற்பது பேர் ஈர விரிப்புகளை விலக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள், அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தாள்.

கனிஷ்கா பாயில் உட்கார்ந்து பாடப்புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். தலை வாரி, பவுடர் போட்டு, ஒழுங்காக இருந்தாள். கூட்டத்தைப் பார்த்ததும் எழுந்து நின்று சிரித்தாள். பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது என்று பின்னால் முணுமுணுத்தார்கள். தூத்துக்குடிக்காரப் பெண் குனிந்து, "ஏம்மா, அம்மா உன்னைய உள்ள வச்சுப் பூட்டுவாங்களா? நீ அழுவியா?" என்று கேட்டாள்.

கடைக்கு அனுப்பிய பிள்ளை வாசல்வரை போய், எதை வாங்க என்று திரும்பிக் கேட்பதுபோல, கனிஷ்கா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஆமாம் என்பதா, இல்லை என்பதா, எது வேண்டுமோ அதைச் சொல்கிறேன் என்று அந்தக் கண் காத்துக்கொண்டிருந்தது. சிரிப்பு அப்படியே இருந்தது. அந்தப் பார்வையைக் கூட்டம் முழுக்கப் பார்த்தது, அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை, பின்வரிசையில் நின்ற தகப்பன் ஒருவர் தன் மகனைத் தேடிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார்.

போலீசுக்கு மறுபடி போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நேத்ராவைப் பொன்னுராசுவிடம் கொடுத்தார்கள். அவர் நன்றி சொல்லவில்லை, திட்டவுமில்லை, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பையை எடுத்துக்கொண்டு குளிப்பாட்டாமலே போய்விட்டார். கனிஷ்காவைச் சாப்பாட்டுக் கூடத்துக்குத் தூக்கிப்போய் நடு மேசையில் உட்கார வைத்தார்கள். மூன்று வருஷமாக வாசனை மட்டுமே பிடித்த அந்தக் கூடத்தை அவள் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தாள், ஊட்டியவர்கள் ஒவ்வொருவரையும் பார்த்துச் சிரித்தாள். எதிரே செண்பகவல்லி உட்கார்ந்திருந்தாள். இட்லி தின்று முடிய வெகுநேரம் ஆனது.

கோமதிநாயகம் அவளைத் தனியே கூப்பிட்டார். துரத்தப்போகிறார் என்றுதான் அவள் போனாள்.

"போனது போகட்டும். இனிமே பிள்ளைய ஒளிச்சு வைக்க வேண்டாம்" என்றார் அவர். உண்மையிலேயே அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "நல்ல ஃப்ராக் ரெண்டு நான் எடுத்துத் தாரேன். காலையிலயும் சாயங்காலமும் நெட்டையன் காலடியில சேர் போட்டு உக்காரட்டும். நெட்டையன் கண்டுபிடிச்ச பிள்ளைன்னு போர்டு வப்போம். சனம் அள்ளிரும், பாத்துக்கோ. அவ பெரிய படிப்பு வரைக்கும் என் பொறுப்பு, ரூமும் ஒனக்கே இருக்கட்டும்."

"பிள்ளை என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யாண்டாம். சிரிச்ச முகமா இருக்கணும், அம்புட்டுத்தான்."

அவள் வேண்டியதெல்லாம் ஒரே மூச்சில் கிடைத்திருந்தது. செண்பகவல்லி முற்றத்தைப் பார்த்தாள். கூடத்திலிருந்து வெளியே வந்த கனிஷ்காவை நெட்டையனின் காலுக்குப் பக்கத்தில் நிறுத்தி அதற்குள் யாரோ படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள், பிள்ளை அசையாமல் நின்றது, அதன் வாய் இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னம்வரை விரிந்திருந்தது, பிள்ளையைக் கையால் தட்டினால் உள்ளே வெறும் காற்றுச் சத்தம்தான் கேட்கும் என்று அவளுக்குத் தோன்றியது. "வேண்டாம் மொதலாளி" என்று சொல்லிவிட்டுப் போய் இருவரின் துணிகளையும் ஒரு பையில் திணித்தாள்.

நெட்டையன் அதன் பிறகு எந்த ஜன்னலையும் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தே நிற்கிறது. கோமதிநாயகம் அதற்குத் துணையாக ஒரு நீர்யானையும் வாங்கிப்போட்டார், குழாய் இன்னும் மாற்றவில்லை, பிள்ளைகள் பழையபடி அழுகின்றன, சமையல்காரர் ரேடியோவை நிறுத்திவிட்டார், டீக்கடையில் இரண்டு கட்சியும் இன்றைக்கும் ஒரு முடிவுக்கு வரவில்லை. அது அந்த ஒரு பிள்ளையைத்தான் தேடியதா, இல்லை எல்லாப் பிள்ளைகளையும்தானா என்று கேட்டால் உச்சிமாகாளி, எனக்கு என்ன தெரியும், நான் கேட்டைப் பார்த்துக்கொள்கிறவன் என்பார். ஆனால் முதல் இட்லிக்கு உட்கார்ந்த தகப்பன்மார் சிலர் அதற்கப்புறம் பிள்ளைமேல் கையை ஓங்கியதில்லை என்று கேள்வி.

அன்றைக்கு மத்தியானம் பஸ் நிறுத்தத்தில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. தென்காசி பஸ் ஒன்று வந்து நின்றது, அதன் பின்னாலேயே சுரண்டை பஸ்ஸும் வந்தது. செண்பகவல்லிக்கு எதில் ஏறுவதென்று தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிள்ளையிடமே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. குனிந்து, "எங்கட்டி போவோம்? ஒனக்கு எங்க போணும்?" என்று கேட்டாள்.

கனிஷ்கா அவள் முகத்தைப் பார்த்தாள். இரண்டு பஸ்ஸும் ஹாரன் அடித்தன.

"சொல்லு மக்கா."

"நீ சிரிச்சுக்கிட்டே கேக்கே" என்றாள் கனிஷ்கா. "அதான் எதைச் சொல்லணும்னு தெரியல."

செண்பகவல்லி வாயில் கை வைத்துப் பார்த்தாள். சிரிப்பு இருந்தது. உதட்டை இறக்கிப் பார்த்தாள், இறங்கவில்லை, அவள் அழுதுகொண்டிருந்தாள், அப்போதும் அது மேலேயே நின்றது. பிள்ளைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, முந்தானையால் முகத்தை அழுத்தி அழுத்தித் துடைத்தாள், கன்னம் இரண்டும் எரிந்தன, வருஷக்கணக்காக ஒரே இடத்தில் நின்ற சதை வலித்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்தது. தென்காசி பஸ் போய்விட்டது. சுரண்டை பஸ்ஸும் போய்விட்டது. அவள் திரும்பி, களைத்துப்போன, பயந்துபோன, தன் சொந்த முகத்தோடு இன்னொரு தடவை கேட்டாள்.

கனிஷ்கா அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"அருவி" என்றாள். "சத்தம் மட்டும்தாம்மா கேட்டிருக்கேன்."

அன்றைக்கு வெள்ளம் அதிகம், குளிக்க யாரையும் விடவில்லை. இருவரும் கயிறு கட்டிய இடத்திலேயே பையை வைத்துவிட்டு நின்று பார்த்தார்கள். அருவி விழுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. கனிஷ்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழிய, மூன்று வருஷத்து அழுகையையும் சேர்த்து அழுதாள். செண்பகவல்லி அவளை நிறுத்தச் சொல்லவில்லை.